பிரசங்கம் எப்படி ஈரமாகும்?

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் 'ட்ரீக்' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. ஒரு பாதிரியாரின் பிரசங்கம், கடன் வாங்கிய ஒரு விவசாயி, நவம்பர் மாதக் காலைப்பொழுது மூன்றுக்கும் அதே அடைமொழி. என் கைப்பேசி அகராதியோ 'ஈரமான, மந்தமான வானிலை' என்கிறது. பிரசங்கம் எப்படி ஈரமாகும்?

பதில்: ஆகாது. உங்கள் அகராதி இன்றைய பொருளை மட்டும் சொல்கிறது. எடின்பரோவில் இன்று யாராவது 'ட்ரீக்' என்றால் வானத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று கொள்ளலாம். ஆனால் வானிலை இந்தச் சொல்லுக்குள் பிற்பாடு குடியேறியது. இதன் ஆதிப்பொருள் 'நீண்ட, முடிவே இல்லாமல் நீள்கிற' என்பது.

பலர் நினைப்பதுபோல் இது ஸ்காட்லாந்தின் கெல்டிக் மொழியான கேலிக்கின் சொல் அல்ல. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஸ்காட்ஸ் மொழியின் சொல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'நீடித்து நிற்கிற' என்று பொருள்படும் 'ட்ரியூகர்' இதற்கு உறவு. 'பொறுத்துக்கொள்' என்ற பொருளுடைய 'ட்ரீ' என்னும் பழைய வினையும் அதே வேர்தான். தன் விதியை அனுபவித்தே தீர வேண்டும் என்பதை ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த வினையை வைத்துத்தான் சொல்வார்கள். 'சோர்வூட்டுகிற' என்று பொருள்படும் ஆங்கிலத்தின் 'ட்ரியரி' ஒலியிலும் பொருளிலும் அருகில் நின்று ஏமாற்றும். அது சிந்திய குருதியைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது.

ஆகவே அந்தப் பாதிரியார் இழுஇழு என்று இழுத்திருக்கிறார். விவசாயி கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கிறவர். 'பணம் தருவதில் தாமதிக்கிற' என்பது இந்தச் சொல்லுக்கு ஸ்காட்ஸ் அகராதிகள் தரும் பொருள்களில் ஒன்று. நமக்கு 'இழு' என்ற ஒரே வினை இரண்டு இடத்துக்கும் கை கொடுக்கிறது. இப்படி அதிர்ஷ்டம் மொழிபெயர்ப்பாளருக்கு அடிக்கடி வாய்க்காது, விட்டுவிடாதீர்கள்.

நவம்பர் காலைதான் கடினம். 'அடைமழை' என்று போட்டுவிடாதீர்கள். ட்ரீக் நாளில் மழை கொட்டுவதில்லை. பெய்யாமலே இருந்தாலும் இருக்கும். சாம்பல் வானம், குளிர், நசநசவென்ற தூறல், எப்போது விடியும் என்று தெரியாத பகல் என எல்லாம் சேர்ந்தது அது. மெல்லிய தூறலுக்கு 'ஸ்மிர்', தொப்பலாக நனைந்தவருக்கு 'ட்ரூக்கிட்' என்று தனிச் சொற்கள் அங்கே உண்டு. 'மப்பும் மந்தாரமுமாக விடியாமலே கிடந்தது காலை' என்று எழுதிப் பாருங்கள். வானமும் வரும், நீட்சியும் வரும்.

உச்சரிப்பைக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஒலி வல்லின 'க்' அல்ல. தொண்டையில் உரசி வருவது. 'அஃது' என்பதைப் பழைய முறையில் சொல்லும்போது ஆய்தத்தில் கேட்கும் ஒலிக்கு மிக நெருக்கம். நியாயப்படி 'ட்ரீஃ' என்று எழுதலாம். ஆனால் 'ஃபேன்' வந்த பிறகு வாசகர் அதை 'எஃப்' என்றே படிப்பார். 'ட்ரீக்' இருக்கட்டும்.