கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆவது ஏன்?

கிளிக் செய்தாலும் பதில் வராமல் திரை அப்படியே நின்றுவிடுவதைத்தான் ஹேங் ஆகிறது என்கிறோம். பெரும்பாலும் மெஷின் செத்துப்போகவில்லை, எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது.

பல வீடுகளில் காரணம் ரேம் பற்றாக்குறை. திறந்திருக்கும் புரோகிராம்கள் ரேமில்தான் இயங்கும். 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு குரோமில் இருபது டேப் திறந்தால் இடம் போதாது. விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். சமையல் மேடை நிறைந்துபோய், ஒரு கரண்டிக்குக்கூடப் பரணில் ஏறி இறங்குவது மாதிரி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி, அதாவது ரேம், 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் டேப்களை மூடுங்கள், முடிந்தால் ரேமைக் கூட்டுங்கள். மெமரி காலியாக இருந்தும் டிஸ்க் 100-லேயே நிற்கிறதா? டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம். முதலில் போட்டோக்களை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு, அப்புறம் சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். பழைய மெஷினுக்குச் செய்யும் செலவில் என்னைக் கேட்டால் இதுதான் பிரயோஜனம். அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் நிற்கிறது என்றால் மெஷின் சூடாவது காரணமாக இருக்கலாம், ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று தட்டுவதால் வேகம் கூடாது. அது ஐகான்களை மறுபடி வரைந்து காட்டும், ரேமைக் காலி செய்யாது.