பழைய வீட்டை மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவுக்கு வடக்கே, 1880களில் கட்டிய பண்ணை வீடு ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறோம். சிவப்புச் செங்கல் சுவர், மூலைகளில் வெளிர்மஞ்சள் செங்கல், முன்னால் மர விறாந்தை. கணவர் காலமாகிவிட்டார். சுற்றியிருந்த வயல் காணியெல்லாம் டவுன்ஹவுஸ் ஆகிவிட்டது. 'வீட்டை விற்கிறீர்களா' என்று கட்டுமானக் கம்பனிகள் விடாமல் கடிதம் போடுகின்றன. எனக்குப் பிறகும் இது இடிபடக் கூடாது. நாமே நகரசபையிடம் கேட்டு மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கலாம் என்கிறார்கள். மகனோ, 'பிறகு ஒரு ஆணி அடிக்கவும் சபையிடம் போக வேண்டும், விலையும் விழும்' என்கிறான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஒன்ராறியோ

பதில்: அம்மா, தாராளமாகச் செய்யலாம். செய்ய வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். அதற்காக மகன் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். அவருடைய பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மிச்சம் கேள்விப்பட்ட கதை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் 1975இல் வந்தது. அதன் நான்காம் பகுதிப்படி, தனியொரு வீட்டை உபவிதி, அதாவது சபை இயற்றும் உள்ளூர்ச் சட்டம் மூலம் நகரசபை பாதுகாக்கலாம். உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் சபைக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் உரிமையாளரே போய்க் கேட்டால் வேலை இழுபறியில்லாமல் நடக்கும். வீடு பழையது என்பது மட்டும் போதாது. மாகாணத்தின் ஒன்பது அளவுகோல்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். 2023 சனவரியிலிருந்து இதுதான் நடைமுறை. கட்டட அமைப்பு, வரலாற்றுத் தொடர்பு, சுற்றுச் சூழலோடு உள்ள தொடர்பு என்று அவை மூன்று வகை. உங்கள் வீட்டின் இருநிறச் செங்கல் வேலை 19ஆம் நூற்றாண்டு ஒன்ராறியோவின் அடையாளங்களில் ஒன்று. சுற்றியிருந்த பண்ணைகள் போன பிறகு அவற்றின் மிச்சமாக இது ஒன்று நிற்பதும் கணக்கில் வரும். சபையின் மரபுரிமைத் திட்ட அலுவலரை அழைத்து வீட்டைக் காட்டுங்கள்.

இனி மகனின் ஆணிக்கு வருவோம். உபவிதியில், இந்த வீடு ஏன் முக்கியம் என்ற விளக்கமும், அந்த முக்கியத்துவத்தைத் தாங்கும் அம்சங்களின் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளதைப் பாதிக்கும் மாற்றத்துக்குத்தான் மரபுரிமை அனுமதி தேவை. குசினியைப் புதுப்பிப்பது, குளியலறையை மாற்றுவது, உள்ளே பெயின்ட் அடிப்பது எல்லாம் பட்டியலில் உட்புறம் இல்லாதவரை உங்கள் விருப்பம். வழக்கமான கட்டட அனுமதி தேவைப்பட்டால், அது எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான்.

ஆகவே சபை அனுப்பும் வரைவை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். 'வீட்டின் வெளிப்புறம்' என்று பொதுவாக எழுதியிருந்தால் பின்பக்கம் குழாய் ஒன்றை மாற்றினாலும் கேள்வி வரலாம். 'தெருவைப் பார்த்த செங்கல் சுவர், மூலைகளின் மஞ்சள் செங்கல், விறாந்தையின் மரத்தூண்கள்' என்று எழுதியிருந்தால் எது காக்கப்படுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. 'யன்னல் திறப்புகள்' என்றால் சுவரில் உள்ள அந்த அளவும் இடமும் மாறக் கூடாது. 'மரச்சட்ட யன்னல்கள்' என்றால் அந்த மரச்சட்டமே இருக்க வேண்டும். பின்னால் யாராவது பிறகு ஒட்டிக் கட்டிய பகுதி இருந்தால், அது பாதுகாப்பில் சேராது என்று எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் மகன் அந்தப் பக்கம் வீட்டைப் பெருப்பிக்க நினைத்தால் வழி திறந்திருக்கும். வரைவு வரும் நாளில் அவரையும் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொன்னால், பாதித் தர்க்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வேலை முறையாக நடந்தால், அறிவிக்கும் எண்ணத்தைச் சபை முதலில் பகிரங்கப்படுத்தும். ஆட்சேபிக்க 30 நாள். அந்த அறிவித்தலிலிருந்து 120 நாளுக்குள் உபவிதி நிறைவேற வேண்டும். அதன் பிறகு ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்ய இன்னொரு 30 நாள். யாரும் போகாவிட்டால் உபவிதி அமுலுக்கு வந்து காணிப் பதிவில் ஏறும். அதன் பிறகு வீட்டை யார் வாங்கினாலும் அது அவரையும் கட்டுப்படுத்தும். அனுமதியின்றி இடித்தால் அபராதம் 10 இலட்சம் டொலர் வரை போகலாம். நீங்கள் கேட்ட 'எனக்குப் பிறகும்' என்பதற்கு இது பலமான பூட்டு. ஆனால் இது மனம் மாறியதும் கழற்றிவிடக்கூடிய பூட்டு அல்ல. நீக்கச் சொல்லி உரிமையாளர் விண்ணப்பிக்கலாம், முதல் முடிவு சபையின் கையில். பிள்ளைகள் எல்லோருக்கும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

விலை விழுமா? வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒன்ராறியோவின் பல ஊர்களில் இப்படி அறிவிக்கப்பட்ட சொத்துகளின் விலைப் போக்கைப் பார்த்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று, சந்தைச் சராசரிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தன. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டை இடித்துக் காணியில் பத்து டவுன்ஹவுஸ் கட்டும் கணக்கில் ஒரு கம்பனி தரும் விலை, அறிவிப்புக்குப் பிறகு வராது. மகன் பேசுவது அந்த விலையைப் பற்றியென்றால் அவர் சொல்வது சரி. வீடாக விற்கும் விலையென்றால் பயப்பட அவ்வளவு காரணமில்லை.

காப்புறுதியில் பிரச்சினை வருவது பெரும்பாலும் பழைய மின்வயர், எண்ணெய்த் தாங்கி போன்றவற்றால். அவற்றைச் சரிபார்த்து வையுங்கள். வீடு எரிந்தால் அதே மாதிரி மறுபடி கட்ட வேண்டும் என்று அறிவிப்பு கேட்பதில்லை. இதைக் காப்புறுதி முகவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். செலவுக்குக் கைகொடுக்கச் சில நகரசபைகள் மானியம் தருகின்றன. சொத்து வரியில் 10 முதல் 40 வீதம் வரை குறைக்கவும் மாகாணச் சட்டம் இடம் கொடுக்கிறது. எல்லாச் சபைகளும் செய்வதில்லை. செய்யும் இடத்தில் அறிவிப்போடு, வீட்டைப் பேணிக் காப்பதாக ஒரு ஒப்பந்தமும் கேட்பார்கள்.

பராமரிப்பில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. இடைவெளி விழுந்த இடங்களில் சாதாரண சீமெந்தைப் பூசினால் ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கலுக்குள் தங்கும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். இப்படிப் போன சுவரைப் பழையபடி ஆக்க முடியாது. சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனாரை மட்டும் தொட விடுங்கள்.

அலுவலரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வீடு ஏற்கெனவே சபையின் மரபுரிமைப் பதிவேட்டில் இருக்கிறதா? பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, அறிவிக்கப்படுவது வேறு. பெயர் மட்டும் இருந்தால், இடிக்க நினைப்பவர் 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். 2022 முடிவில் பதிவேட்டில் இருந்த வீடுகளை 2027 சனவரி 1க்குள் சபை அறிவிக்கத் தொடங்காவிட்டால் பெயர் நீக்கப்படும், ஐந்து வருடத்துக்குத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. உங்கள் வீடு அதில் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

அப்புறம், அந்தக் கம்பனிகளின் கடிதத்தோடு வந்த எந்தத் தாளிலாவது, 'முதலில் எங்களிடமே விற்பேன்' என்பது போல, கையெழுத்து வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் சபைக்குப் போகுமுன் காணிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் இனி எதிலும் வைக்காதீர்கள்.