புதுப் பாலம்தான் அங்கே பழசு

கேள்வி: மாமி, எனக்குச் சொந்த ஊர் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடி. பாரிசுக்கு வந்து ஆறு வருடம், ரெஸ்ரோறன்ட் ஒன்றில் குசினி வேலை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த நண்பன் இப்போது கல்லடியில் ஆசிரியர். ஆகஸ்ட் கடைசியில் நாலு நாள் என்னிடம் வந்து நிற்கப்போகிறான். எனக்கு இரண்டு நாள்தான் லீவு. அவனோ முப்பத்திரண்டு இடங்களை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அங்கே நீண்ட காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர் நீங்கள். எதைக் காட்ட, எதை விட? வரும்போது ஊரிலிருந்து என்ன கொண்டுவரச் சொல்ல?

பதில்: தம்பி, நான் பட்ட வெட்கத்தை முதலில் சொல்கிறேன். அமிர்தகழியிலிருந்து என் சிநேகிதி ஒருத்தி வந்திருந்தாள். மறுநாளே அவளை லூவர் அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பூட்டு. செவ்வாய்க்கிழமைகளில் லூவர் திறப்பதில்லை என்பது பத்து வருடம் அந்த நகரத்தில் இருந்த எனக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை, அதற்குள் நானே கால் வைத்ததில்லையே! கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால் நின்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. ஆகவே நண்பன் வருமுன் ஒருதரம் நீ தனியாகப் போய்ப் பார்த்துவிடு.

ஆற்று நடுவில் இருக்கும் சித்தே தீவில் தொடங்கு. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் பழகியவனுக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் பழைய பட்டினம், கரைக்குக் கரை பாலம். 2019 ஏப்ரல் 15ஆம் திகதி கூரை எரிந்த நோத்ர்தாம் தேவாலயத்தை 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். உள்ளே போகக் காசில்லை. அங்கிருந்து தீவின் மேற்கு முனைக்கு நடந்தால் 'பொன் நெஃப்'. அந்தப் பெயருக்குப் புதுப் பாலம் என்று அர்த்தம். 1607இல் கட்டி முடித்தது. இன்று பாரிசில் நிற்கிற பாலங்களில் ஆகப் பழையது அதுதான்! கல்லடி வாத்தியாரிடம் இதைச் சொல்லிப் பார். கல்லடியில் 1924இல் கட்டிய இரும்புப் பாலத்தைப் பழைய பாலம் என்றும் பக்கத்தில் உள்ளதைப் புதுப் பாலம் என்றும் சொல்லித்தானே நாங்கள் வழி காட்டுகிறோம். நானூறு வருடம் போனாலும் அது புதுப் பாலமாகத்தான் இருக்கும் போல.

ஈஃபிள் கோபுரத்தைக் காட்டாமல் அனுப்பினால் நீ ஊருக்கு வர ஏலாது. ஆனால் நேரே அதன் காலடியில் கொண்டுபோய் நிறுத்தாதே. ஆறாம் இலக்க மெற்றோவில் நாசியோன் பக்கம் போகிற வண்டியில் ஏறி, பஸி நிலையத்துக்கு முன்பே அவனை இடப்பக்க யன்னலோரம் இருத்து. வண்டி பஸியை விட்டு ஆற்றைக் கடக்கும்போது முழுக் கோபுரமும் யன்னலுக்குள் வந்து நிற்கும். சில விநாடிதான். அப்போது நீ வாய் திறக்காதே. பீர் ஹக்கெமில் இறங்கி நடங்கள். கிட்டப் போனதும் அந்த இரும்பில் குமிழ் குமிழாக இருக்கிற றிவெட்டு ஆணிகளைக் காட்டு. 1889இல் கட்டி முடித்தபோது 25 இலட்சம் ஆணி அடித்திருக்கிறார்கள். இரண்டாம் தட்டுக்கு 674 படி. முழங்கால் நல்லதென்றால் ஏறுங்கள், லிஃப்ற்றை விட மலிவு. இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுங்கும். ஆகஸ்டில் இருட்ட ஒன்பது மணியாகும், இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே போங்கள்.

நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு ஒரு மணித்தியாலம் காணும். கொத்தும் வடையும் அவனுக்கு ஊரிலேயே கிடைக்கும். பிள்ளையார் தேர் அந்த நாட்களில் விழுந்தால் மட்டும் கதை வேறு. பிரெஞ்சுப் பொலிஸ் பார்த்து நிற்க, நடு றோட்டில் சிதறுகிற தேங்காயை அவன் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு இடம் இருக்கிறது, உன் குசினி. என் சிநேகிதிக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் 'ஒபீசில் வேலை' என்றே எழுதியிருந்தேன். பொய்யில்லை, ஒபீசைத் துடைக்கிற வேலை. மூன்றாம் நாள் விடிய முதல் மெற்றோவில் அவளும் பிடிவாதமாக ஏறிவிட்டாள். கண்ணாடி மேசைகள் வரிசையாகக் கிடந்த மண்டபத்தைப் பார்த்து, "இதானாகா உன்ட ஒபீசு?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்துப் பிழிந்து, மற்றக் கரையிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். ஏழு மணிக்கு முடிந்தது. மூலைப் பேக்கரியில் சுடச்சுட பகெத் பாண் வாங்கி, வாங்கில் குந்திக்கொண்டு பிய்த்துத் தின்றோம். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் பேச்செல்லாம் அந்தப் பாணைப் பற்றித்தான்.

கொண்டுவரும் சாமான்: கருவாடும் மாசியும் தாராளமாக வரலாம். சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை மீன் பண்டங்களை ஐரோப்பிய ஒன்றியம் விடும். இறைச்சியும் பால் பண்டமும் கூடாது, எருமைத் தயிர்ச் சட்டியை மறந்துவிடு. கறிவேப்பிலையையும் பறித்துவிடுவார்கள். கருவாட்டை மூன்று பொலித்தீன் பையில் சுற்றச் சொல். என் சிநேகிதி ஒன்றில்தான் சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய நாலு சேலையையும் என் குளியல் தொட்டியில் போட்டு இரண்டு தரம் அலசினேன்.