முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம்: ஒரே தளம் போதுமா?

கேள்வி: ஒரே தளத்தில், அதாவது பல மாடல்களுக்குப் பொதுவான அடிப்பகுதி அமைப்பில், சிறிய காரும் எஸ்.யு.வி.யும் செய்கிறார்கள். முன்சக்கர இயக்கத்துக்கும் பின்சக்கர இயக்கத்துக்கும் மட்டும் ஏன் ஐயா தனித்தனித் தளம்?

பதில்: முதல் முட்டுக்கட்டை, முன்சக்கர மையத்துக்கும் பெடலுக்கும் இடையே உள்ள தூரம். முன்சக்கர இயக்கத்தில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் அதன் பக்கத்தில். அதனால் சக்கரம் கதவை நெருங்கி வந்துவிடும். பின்சக்கர இயக்கத்தில் எஞ்சின் நெடுக்காக, கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால். சக்கரம் நன்றாக முன்னே தள்ளிப்போகும். ஃபோக்ஸ்வேகனின் எம்.க்யூ.பி. தளம் (2012) குறுக்கு எஞ்சினுக்கு மட்டுமே ஆனது. அதில் இந்தத் தூரத்தை மாறாததாக வைத்துக்கொண்டு, நீளம், அகலம், முன்-பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லாவற்றையும் தாராளமாக மாற்றினார்கள்.

கேள்வி: பின்னால் ஒரு டிஃபரென்ஷியலை (சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர்த் தொகுதி) பொருத்திவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

பதில்: எங்கே பொருத்துவீர்கள்? விலை குறைந்த முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது ட்விஸ்ட் பீம் சஸ்பென்ஷன், இரு பின்சக்கரங்களையும் ஒரு குறுக்குத் தண்டால் இணைக்கும் எளிய வகை. டிஃபரென்ஷியலும் ஷாஃப்டுகளும் வரவேண்டிய இடத்தை அதன் குறுக்குத் தண்டு அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பல கம்பிகளால் தாங்கும் மல்டிலிங்க் சஸ்பென்ஷனுக்கு மாறியாக வேண்டும். அடுத்து பெட்ரோல் டேங்க். நடுவே புரொப்பல்லர் ஷாஃப்ட் (முன்னிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுசெல்லும் நீளத் தண்டு) போவதற்காக, அதைக் குதிரைச் சேணம்போல் இரு பக்கமும் இறங்கும்படி வார்க்க வேண்டும். ஒரு பக்கத்துப் பெட்ரோலை மறுபக்கம் இழுக்கவும் தனி ஏற்பாடு வேண்டும். இதற்கெல்லாம் இடம்விட்டுச் செய்த தளத்தின் செலவைப் பின்சக்கர இயக்கம் கேட்காதவரும் சுமக்கிறார். என் கணக்கில், பெட்ரோல் காரில் 'இரண்டுக்கும் ஒரே தளம்' பெரும்பாலும் விளம்பரத்துக்குத்தான் அழகு.

கேள்வி: அப்படியானால் யாருமே செய்ததில்லையா?

பதில்: 1966-இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ முன்சக்கர இயக்கம், பியூக் ரிவியேரா பின்சக்கர இயக்கம். இரண்டுக்கும் அடிப்படை உடற்கூடு ஒன்றே. டொரொனாடோவில் 7 லிட்டர் வி8 எஞ்சின் நெடுக்காகவே இருந்தது. கியர்பாக்ஸை மட்டும் எஞ்சினுக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்து, அகலமான சங்கிலி ஒன்றால் இணைத்தார்கள். துணிச்சலான வேலை! ஆனால் உடற்கூட்டைத் தாங்கும் அடிச்சட்டம் இரண்டுக்கும் வேறு வேறு.

கேள்வி: மின்சாரக் கார்களில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

பதில்: பெருமளவு. மோட்டார், கியர், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பொதியாக வருகின்றன. நடுவே ஷாஃப்ட் கிடையாது. ஒற்றை மோட்டார் போல்ஸ்டார் 2 முதலில் முன்சக்கர இயக்கமாக வந்தது. 2023-இல் அறிவித்த மாற்றத்தில், உடலை மாற்றாமலே பின்சக்கர இயக்கமாகிவிட்டது. முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக இரட்டை மோட்டார் கொண்ட வகை முதலிலிருந்தே இருந்ததால், பின்னால் மோட்டாருக்கான இடம் தயாராக இருந்தது. நான்கு சக்கர இயக்கத்தை மனத்தில் வைத்து வரைந்தவருக்கு மற்ற இரண்டும் ஏறக்குறைய இலவசம்.

கேள்வி: சிறிய மின்சாரக் காருக்கு எந்தப் பக்கம் மோட்டார் வைப்பது நல்லது?

பதில்: முன்பக்கம் என்பேன். பின்னால் மோட்டார் இல்லாவிட்டால் டிக்கியை ஆழமாக்கலாம். பிரேக் போடும்போது எடை முன்னே சாய்வதால், மின்சாரத்தைத் திரும்பப் பெறுவதும் முன் மோட்டாருக்கு எளிது. சக்தி கூடக்கூடக் கணக்கு மாறும். வேகமெடுக்கும்போது எடை பின்னே போவதால் பிடிமானம் அங்கேதான்.

கேள்வி: மோட்டாரை இடம் மாற்றினால் மென்பொருளை அப்படியே விடலாமா?

பதில்: கூடவே கூடாது. வேகமெடுக்கையில் முன்சக்கரம் வழுக்கினால் கார் திரும்ப மறுத்து நேரே போகும். பின்சக்கரம் வழுக்கினால் வால் சுழலும். வழுக்கல் கட்டுப்பாடு, பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங், எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்து, ஈரத்திலும் பனியிலும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.