வண்டியும் பாரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சக்கரம் கண்டுபிடித்த உடனேயே வண்டியும் வந்துவிட்டதா? முதல் வண்டி எந்த நாட்டில் ஓடியது? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி முடித்துவிட இயலாது. ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்கலம் ஒன்று போலந்தின் புரோனோசிட்சே என்னும் ஊரில் கிடைத்தது. அதன்மேல் நான்கு சக்கர வண்டி கீறப்பட்டுள்ளது. மெசபடோமியாவின் உரூக் நகரத்துக் களிமண் பலகைகளில், தரையில் இழுத்துச் செல்லும் சறுக்குக் கட்டையைக் குறிக்கும் எழுத்தும், அதே கட்டையின் கீழ் இரண்டு வட்டங்களைச் சேர்த்த மற்றோர் எழுத்தும் இருக்கின்றன. வண்டி பிறந்த கதையை இந்த இரண்டு குறிகளே சொல்லிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

உண்மையில் சக்கரத்தைவிட அச்சுதான் கடினமான வேலை. துளை இறுகினால் சக்கரம் சுழலாது. தளர்ந்தால் ஆட்டம் காணும். ஸ்லோவேனியாவின் லியூப்லியானா சதுப்பு நிலத்தில் 2002-இல் கிடைத்த, ஏறத்தாழ 5,200 ஆண்டுப் பழமையுள்ள சக்கரத்தின் துளை சதுரமாக உள்ளது. அதாவது, அங்கே சக்கரமும் அச்சும் ஆப்பு வைத்து இறுக்கப்பட்டு ஒன்றாகவே சுழன்றன. நம் மாட்டு வண்டியிலோ அச்சு அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் சுழல்கிறது. அதனால்தான் வண்டி திரும்பும்போது உட்புறச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்புறச் சக்கரம் விரைவாகவும் போக முடிகிறது.

இந்தியாவில் ஹரப்பா நாகரிகத்தின் சுடுமண் பொம்மை வண்டிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. உத்தரப் பிரதேசத்தின் சினௌலியில் 2018-இல் வெளிப்பட்ட, ஏறத்தாழ 4,000 ஆண்டு பழைய வண்டிகளை இழுத்தவை குதிரைகளா காளைகளா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை. அவற்றின் சக்கரங்கள் ஆரக்கால் இல்லாத முழுத்தட்டுகள்.

கேள்வி: சங்க காலத்தில் தேர் இருந்தது என்று படித்திருக்கிறோம். சாதாரண மக்களுக்கு வண்டி இருந்ததா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: இருந்தது, அரசனின் தேரைவிட அதைப் பற்றித்தான் நமக்குச் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. கடற்கரையிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாடு சென்ற உமணர்கள் தனி வண்டியாகப் போகவில்லை, ஒழுகை எனப்படும் வரிசையாகப் போனார்கள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வண்டி ஒரு நடமாடும் வீடு. அதில் கோழிக்குக் கூடு உண்டு. காடிப் பானை தொங்குகிறது. கைக்குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்ட, ஆடவர் வேப்பந்தழை மாலை சூடிப் பக்கத்தில் காவலாக நடக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு வந்த குரங்கொன்று அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது.

புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் சொல்லும் செய்தி இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. எருதுகளோ நுகம் பழகாத இளையவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் கண்டார்? ஆகவே உமணர்கள் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இன்று காரின் பின்னால் ஸ்டெப்னி வைத்துக்கொள்வது போலத்தான். ஆனால் நாம் டயரை வைத்துக்கொள்கிறோம், அவர்கள் அச்சை வைத்துக்கொண்டார்கள். அந்த வண்டியில் முதலில் முறிவது எது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு இறும் என்று வள்ளுவர் சொன்னதும் இதே அச்சைத்தான்.

கேள்வி: மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? அதில் இரும்புப் பட்டையை எப்படி மாட்டுகிறார்கள்? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் ஆழமாக இறங்காது, கல்லின்மேல் எளிதாக ஏறும். அச்சில் ஏற்படும் உராய்வை வெல்வதற்கும் பெரிய சக்கரம் நெம்புகோல் போல உதவுகிறது. தவிர, நுகத்தடி மாட்டின் கழுத்து உயரத்தில் இருக்க வேண்டும். அச்சு தாழ்ந்துவிட்டால், வண்டியை நுகத்தடியோடு இணைக்கும் நீண்ட மரமான ஏர்க்கால் சாய்ந்து நிற்கும்.

சக்கரத்தின் நடுவில் குடம், அதில் ஆரக்கால்கள், அவற்றின் வெளி நுனிகளைப் பிடித்துக்கொள்ளும் வளைந்த துண்டுகளுக்கு வட்டை என்று பெயர். இத்தனை துண்டுகளையும் சிதறாமல் பிடித்து வைப்பது பட்டைதான். அதைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதாக வளைத்து ஒட்டிவிடுவார்கள். பிறகு தரையில் கிடத்தி, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 480 செண்டிமீட்டர். 500 பாகை சூடேறினால் அந்த நீள இரும்பு ஏறக்குறைய 3 செண்டிமீட்டர் நீளும். சிவந்த பட்டையை மூன்று நான்கு பேர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டும்போது மரம் கருகிப் புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். பட்டை சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் குடமும் நெறுநெறுவென்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும் ஓசை கேட்கும். ஆணிகூட அங்கே இரண்டாம்பட்சம்தான். அச்சுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை.

இத்தனையும் சரியாக இருந்தாலும், ஏற்றுகிறவர் முறை தெரியாதவர் என்றால் மாடு துன்பப்படும். சுமை முன்பாரமாக இருந்தால் நுகம் கழுத்தை அழுத்தும்; பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். வண்டி நகர்வதற்கு முன் ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்து மூட்டையை ஒரு சாண் தள்ளி வைக்கும் வண்டிக்காரரே மாட்டை அறிந்தவர்.

கேள்வி: கூண்டு வண்டி, வில் வண்டி, ஜட்கா, ரேக்ளா: வேறுபாடு என்ன? (வாசகி, காரைக்குடி)

பதில்: மேலே வளைந்த கூரை இருந்தால் கூண்டு வண்டி. அடியில் எஃகு வில் பட்டைகள் பொருத்தப்பட்டு, குலுக்கல் குறைந்து ஓடுவது வில் வண்டி. பல ஊர்களில் அது வசதியான வீடுகளின் அடையாளமாக இருந்தது. ஜட்கா என்பது வாடகைக் குதிரை வண்டி. ரேக்ளா பந்தயத்துக்கென்றே செய்யப்படும் எடை குறைந்த வண்டி. கொங்குப் பகுதியில் 200, 300 மீட்டர் தூரத்துக்கு நேரம் கணக்கிட்டு ஓட்டுகிறார்கள். தென் மாவட்டங்களிலோ பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்துச் சாலையில் பல மைல் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை நமக்குக் கொடுத்தவர்கள் வெள்ளையர்கள்தானே? (வாசகர், சென்னை)

பதில்: இங்கே பரப்பியதில் அவர்களுக்குப் பங்குண்டு, ஆனால் வண்டி பிறந்தது ஜப்பானில். ‘ஜின்ரிகிஷா’ என்ற சொல்லுக்கு மனித ஆற்றலால் ஓடும் வண்டி என்பது பொருள். 1870-இல் டோக்கியோவில் அனுமதி பெற்ற இந்த வண்டி, இரண்டே ஆண்டுகளில் அந்நகரில் ஏறத்தாழ 40,000 என்ற அளவுக்குப் பெருகியது. 1880-ஐ ஒட்டிச் சிம்லாவுக்கும், பின்னர் கல்கத்தாவுக்கும் வந்தது.

நாம் முன்பு பார்த்த முன்பாரம், பின்பாரம் இங்கேயும் உண்டு. பயணி பின்னால் சாய்ந்தால் இழுப்பவரின் கைகள் மேலே தூக்கப்படும். முன்னால் குனிந்தால் சுமை மணிக்கட்டில் இறங்கும். மாட்டுக்கு நுகம், இவருக்கு இரண்டு உள்ளங்கைகள்.

தமிழ்நாட்டில் 1973-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்களை வழங்கியது. தடையோடு மாற்று வண்டியையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அதன் சிறப்பு. மேற்கு வங்கத்தில் 2006-இல் சட்டத் திருத்தம் நிறைவேறியும் கொல்கத்தாவில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மகாராஷ்டிரத்தின் மாதேரான் மலையில் இவற்றை ஆறு மாதங்களுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில்தான் உத்தரவிட்டது.

கேள்வி: வண்டி மாட்டுக்கு வேலை நேரம் என்று சட்டம் உண்டா? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: உண்டு. சுமை இழுக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெயில் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது.