ஜுவாலஜி படித்தவருக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸில் இடம் கிடைக்குமா?

கேள்வி: பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு மூன்று வருஷமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூவில் கணக்கு, உயிரியல் இரண்டும் இருந்த பிரிவு. எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்க ஆசை. 'தவளை அறுத்தவளுக்கு எதுக்கு இப்போ கணக்கு' என்கிறார் அப்பா. விண்ணப்பித்தால் எடுப்பார்களா? ஏன் படிக்க விரும்புகிறேன் என்ற கட்டுரையை எப்படி எழுதுவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கட்டுரையை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் மார்க் ஷீட்டுகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி வைத்து, அலைடு (துணைப்) பாடங்கள் என்னென்ன என்று பாருங்கள். வேதியியலும் தாவரவியலும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏன் கேட்கிறேன் என்றால், எம்.எஸ்ஸி. சேர்க்கை அறிவிப்புகளில் தகுதி என்று ஒரு வரி வரும். ஐஐடிகள் சிலவற்றில் பட்டப்படிப்பில் நான்கு செமஸ்டராவது கணிதமோ புள்ளியியலோ படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த வரியைப் படிக்காமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டி, ஐஐடிகளின் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வான ஜாமில் ரேங்கும் வாங்கி, கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மூன்று நான்கு இடங்களின் அறிவிப்புகளை வரி விடாமல் படியுங்கள், புரியாவிட்டால் அந்தத் துறைக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

இடம் கிடைப்பது ஒன்று, உள்ளே போய்த் தாக்குப்பிடிப்பது வேறு. மரபியலில் மெண்டலின் பட்டாணியைப் படித்திருப்பீர்கள்: மொத்தம் 556 விதைகள், அதில் 315, 108, 101, 32 என்று நான்கு வகை. 9:3:3:1 விகிதத்துக்கு இது பொருந்துகிறதா என்று கை-ஸ்கொயர் (எதிர்பார்த்த எண்ணிலிருந்து ஒவ்வொரு வகையும் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து கூட்டுவது) போட்டால் 0.47 வரும். அட்டவணையில் 3 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடமுக்கு எதிரே 7.815 என்ற வரம்பு இருக்கும், அதைவிடக் குறைவு, ஆகவே பொருந்துகிறது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். வகை நான்கு இருக்க, எதற்கு 3? மொத்தம் 556 என்று தெரிந்தபின் மூன்று எண்களைச் சொன்னால் நான்காவது தானாக வந்துவிடும், இதுவரைக்கும் எளிது. ஆனால் அந்தக் கூட்டுத்தொகை ஏன் கை-ஸ்கொயர் என்ற அந்த வளைவைப் பின்பற்றுகிறது, 7.815 எங்கிருந்து வந்தது? விலங்கியல் அதைக் கேட்காது, எம்.எஸ்ஸி.யில் முதல் வருஷமே கேட்பார்கள், அதற்குத் தொகைநுண்கணிதமும் அணிகளும் கைவசம் இருக்க வேண்டும். (மெண்டலின் எண்கள் நம்ப முடியாத அளவுக்குப் பொருந்துகின்றனவே என்று 1936இல் புள்ளியியலாளர் ஃபிஷர் சந்தேகப்பட்டு எழுதினார். அந்தச் சந்தேகம் உங்களுக்கும் சுவாரசியமாகப் பட்டால் நீங்கள் சரியான துறைக்குத்தான் வருகிறீர்கள்.)

நீங்கள் பிளஸ் டூவில் கணக்கு படித்தது பெரிய ஆறுதல். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாம் தொகுதியில் நுண்கணிதத்தை முடித்து, நிகழ்தகவுப் பரவல்கள் வரை கணக்குகளைக் கையால் போடுங்கள், வீடியோ பார்த்துத் தலையாட்டினால் ஒன்றும் ஏறாது. அடுத்து, ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு. பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம், எப்படியாவது அந்தத் தேர்வை எழுதிவிடுங்கள். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பில் முதல் கட்டத்திலேயே கணிதம் இரண்டு தாள், புள்ளியியல் இரண்டு தாள் உண்டு. அந்தக் கட்டத்தோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். தகுதி வரியை இந்தச் சான்றிதழ்கள் தாண்ட வைக்காது, ஆனால் கணக்கு வருமா என்று தயங்குகிற பேராசிரியர் முன்னால் வைக்க ஏதாவது வேண்டுமே. தகுதி வரியே இடித்தால், தொலைநிலையில் பி.எஸ்ஸி. கணிதம்தான் நேர்வழி. மூன்று வருஷம் போகும், வேலையை விட வேண்டியதில்லை.

சரி, கட்டுரை. 'சிறுவயது முதலே எண்கள் மீது காதல்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் எந்த அளவீட்டைப் பார்த்து இதை நம்பலாமா என்று முழித்தீர்கள், அப்போது உங்களுக்கு என்ன தெரியாமல் இருந்தது, அதை எழுதுங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ், கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். இயற்பியல்காரருக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

கேள்வி: எனக்கு 36 வயது, பி.காம். ஜாம் எழுதலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஜாமுக்கு வயது வரம்பு கிடையாது, எழுதலாம். பி.காமில் படித்த பிசினஸ் மேத்ஸ் ஒன்றிரண்டு தாள்தான் என்றால் சில ஐஐடிகளில் தகுதி வரி தடுக்கும். முதலில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுப் புள்ளியியல் முதுநிலைப் பட்டயத்துக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆறு மாதம் அதைப் படித்த பிறகும் இதே ஆசை இருந்தால் திரும்ப எழுதுங்கள்.