தி.நகர், மாம்பலம் பக்கம் பழைய ஃபிளாட்டெல்லாம் இடிச்சுட்டு உயர உயரமா கட்டுறாங்களே, இத்தனை வண்டியையும் எங்க நிறுத்துவாங்க?

நான் மேற்கு மாம்பலம், பொறந்ததுல இருந்து ஒரே தெரு. ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் ரங்கநாதன் தெரு. எங்க ஃபிளாட்டும் இடிக்கப் போற லிஸ்ட்ல இருக்கு. ஒண்ணரை வருஷமா மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை மொட்டை மாடில மீட்டிங், அந்த மீட்டிங்ல முக்கால்வாசி நேரம் பார்க்கிங் சண்டைதான், அதனால இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓரளவு தகுதி இருக்குன்னு நினைக்கிறேன்.

ஒரே வரில கேட்டீங்கன்னா: தெருவுலதான் நிறுத்துவாங்க. இப்பவும் அங்கதான் நிக்குது. ஆனா அதுக்கு மாடி உயர்றதைக் குறை சொல்றது பாதிதான் சரி.

ஏன் எல்லாரும் இப்பவே இடிக்கிறாங்கன்னு முதல்ல பாத்துடலாம். எங்களோடது எண்பதுகள்ல கட்டினது, கிரவுண்டு பிளஸ் ரெண்டு, மொத்தம் எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது, கார் பார்க்கிங்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஏன்னா அன்னிக்கு எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரு ஸ்கூட்டரும் மூணு சைக்கிளும்தான். 2019-ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்துச்சு இல்லையா, அதுல சாதாரண கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனை அளவுல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு) 1.5-ல இருந்து 2 ஆச்சு, ஹைரைஸுக்கு 3.25. அகலமான ரோடுன்னா கூடுதலா பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வேற வாங்கலாம். 18.30 மீட்டர் வரைக்கும் ஹைரைஸ் கணக்குல வராது, அதனாலதான் எங்க ஏரியால எதைப் பாத்தாலும் ஸ்டில்ட் பிளஸ் அஞ்சுன்னு (கீழ தூண் மட்டும் நிக்கிற பார்க்கிங் தளம், மேல அஞ்சு மாடி) ஒரே அச்சுல வாத்த மாதிரி நிக்குது. அப்புறம் பழைய ஃபிளாட்ல ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்னு உக்காந்தா எல்லாரும் மாட்டிப்பாங்க, அதுக்கும் அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டம் 2024 மார்ச்ல அமலுக்கு வந்து மூணுல ரெண்டு பங்கு ஓனர்கள் ஒத்துக்கிட்டா போதும்னு ஆயிடுச்சு. விடுவாங்களா பில்டருங்க, வாரம் ஒருத்தர் ஸ்வீட் பாக்ஸோட வர ஆரம்பிச்சாங்க.

இப்ப கணக்குக்கு வரேன், தயவுசெஞ்சு கூடவே வாங்க, இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் முடிஞ்சது.

எங்க மனை ரெண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 போட்டா 9600 சதுர அடி கட்டலாம், 1200 அடி வீடா போட்டா எட்டு வீடு. சரி, கீழ ஸ்டில்ட்ல எத்தனை கார்? சுத்தி செட்பேக்னு காலி இடம் விட்டு, கட்டடம் நிக்கிற இடம் ஏறத்தாழ பாதின்னு வெச்சுக்குவோம், 2400 அடி, மீட்டர் கணக்குல 223 சதுர மீட்டர். விதிப்படி ஒரு காருக்கு 5 மீட்டர் நீளம் 2.5 மீட்டர் அகலம், அதாவது 12.5 சதுர மீட்டர். 223-ஐ 12.5-ஆல வகுத்தா பதினேழு கார் நிக்கும்னு நம்ம மனசு சொல்லும். நிக்காது. கார் என்ன கிரேன்லயா எறங்கப் போகுது, உள்ள வரணும், திரும்பணும், ரிவர்ஸ் எடுக்கணும், நடுவுல தூண் இருக்கு, லிஃப்ட் இருக்கு, மாடிப்படி இருக்கு, ஈபி மீட்டர் போர்டு, மோட்டர் ரூம், வாட்ச்மேன் கட்டில் எல்லாம் அங்கதான். ஓடுபாதையையும் சேத்தா ஒரு காருக்கு 25-ல இருந்து 30 சதுர மீட்டர் வரைக்கும் போயிடும். ஆக எட்டு கார். எட்டு வீட்டுக்கு எட்டு கார், கணக்கு கச்சிதமா டேலி ஆகுது, பில்டர் பொய்யே சொல்லல. ஆனா புது வீட்டுக்கு வரப் போறவங்க யாரு? அந்த விலை குடுத்து தி.நகர் பக்கத்துல வாங்கறவங்க வீட்ல புருஷன் ஒரு கார், பெண்டாட்டி ஒரு கார், பையனுக்கு ஒரு பெரிய பைக். ரெண்டாவது காருக்கு இடம் எங்கன்னு கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, எல்லார் கண்ணும் தெருவைப் பாக்கும்.

இதுவே ஸ்டில்ட் பிளஸ் அஞ்சுக்கு. நம்ம தெருவோட அகலம் மாறல, மேல வீடு கூடக்கூட கீழ இருக்கிற தரை அதே அளவுதான். ஹைரைஸ்காரங்க பேஸ்மென்ட் ரெண்டு மூணு தோண்டி இதைச் சமாளிப்பாங்க. ஆனா தி.நகர்ங்கறது ஏரி சார் (நீங்க மேடமா இருந்தா மன்னிக்கவும்). இருபதுகள்ல மாம்பலம் ஏரியைத் தூத்துதான் பனகல் பார்க்கைச் சுத்தி இந்த நகரையே போட்டாங்க. ஏரிக்கு அந்த ஞாபகம் போகல. 2015 வெள்ளத்தை விடுங்க, 2021 நவம்பர்ல மாம்பலம் கால்வாய்ல தண்ணி போக வழியில்லாம தி.நகர் தெருவெல்லாம் நாள் கணக்குல நின்னுச்சே, அப்ப என் ஃப்ரெண்டு ஒருத்தன் அவங்க பேஸ்மென்ட்ல இருந்து காரை எடுக்க ரெண்டு நாள் மோட்டர் போட்டு எறைச்சான், அப்புறம் அந்தக் காரை வித்துட்டான். மழைன்னு செய்தி வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரை ஏத்தி விட்டாங்களே, ஊரே சிரிச்சுது, எனக்குச் சிரிப்பு வரல. உயரமான ஒரே இலவசப் பார்க்கிங் அதுதான்.

எங்க கதைக்கு வரேன். முதல்ல வந்த பில்டர் ஒரு கலர் பிளான் காட்டினார், பேர் வேண்டாம். ஸ்டில்ட்ல பத்து கார்! எட்டு வீட்டுக்குப் பத்து, ரெண்டு விசிட்டருக்கு. எல்லாருக்கும் வாயெல்லாம் பல்லு. ரெண்டாவது மாடி அண்ணன் மட்டும் கம்முனு இருந்தார், அவர் ரிட்டயர்டு டிராஃப்ட்ஸ்மேன். அடுத்த ஞாயிறு கையில டேப்பும் ஒரு டப்பா சாக்பீஸும் எடுத்துட்டு வந்தார். மொட்டை மாடில அஞ்சுக்கு ரெண்டரை கட்டம் போட்டு, தூண் வர்ற இடத்துல பிளாஸ்டிக் சேரை வெச்சு, என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீதான் காரு, உள்ள வா"ன்னார். நானும் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நடந்தேன், கை முட்டுது. அப்புறம் என் ஹூண்டாய் ஐ20-ஐயே கீழ அளந்து வந்து கணக்குப் போட்டோம், தூணுக்கும் காருக்கும் நடுவுல ஒரு பக்கக் கதவு ஒரு ஜான்தான் தெறக்குது. ஓட்டுறவர் ஜன்னல் வழியா எறங்கணும். பத்துல நாலு கார் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, முன்னாடி நிக்கிறவர் நகத்தினாதான் பின்னாடிக்காரர் வெளிய வர முடியும், அதாவது காலைல ஆறு மணி ஃபிளைட்டுக்குப் போறவர் அஞ்சு மணிக்கு அடுத்த வீட்டு பெல்லை அடிக்கணும். பில்டர்கிட்ட கேட்டா, "சார், சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுங்க, எல்லா எடத்துலயும் அப்படித்தான்"னார். வாட்ச்மேன் சம்பளத்துல டிரைவர் வேலையும் சேத்து.

அவரை அனுப்பிட்டோம். ரெண்டாவது ஆள் மெக்கானிக்கல் ஸ்டாக் பார்க்கிங் போட்டுத் தரேன்னார், ஒரு தட்டு மேல ஒரு தட்டு. கேக்க நல்லா இருக்கு. மேல் தட்டு எறங்கணும்னா கீழ இருக்கிற வண்டி வெளிய வரணும், கரண்ட் போனா ஜெனரேட்டர் வேணும், வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஏஎம்சி கட்டணும், பெரிய எஸ்யூவி சிலதுல உயரம் இடிக்கும். பெரிய ஆபீஸ்ல தனியா ஆள் போட்டுப் பாத்துக்கிறாங்க, ஓடுது. எட்டு வீட்டு அசோசியேஷன் மாசம் மெயின்டனன்ஸ் வசூல் பண்ணவே நாக்கு தள்ளுது.

இதெல்லாம் கட்டடத்துக்கு உள்ள. வெளிய என்ன நடக்குதுன்னா, எங்க தெருவுல ராத்திரி பத்து மணிக்கு மேல ரெண்டு பக்கமும் கார், நடுவுல ஒரு ஆட்டோ போகலாம், தண்ணி லாரி வந்தா ஹாரன் அடிச்சு நாலு பேரை எழுப்பும். ஒவ்வொரு வாசல்லயும் ஒரு அரசாங்கம். ஒருத்தர் உடைஞ்ச பூந்தொட்டி வெச்சிருப்பார், ஒருத்தர் பழைய டயர், ஒருத்தர் சிமென்ட் டப்பால கம்பியை நட்டு வெச்சிருப்பார், கேட்ல போர்டு: "வண்டி நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும்". இதுல என்ன வேடிக்கைன்னா அந்தப் போர்டு வெச்சவரோட கார் அடுத்த வீட்டு வாசல்ல நிக்கும். தீபாவளி சமயத்துல இன்னும் மோசம், தி.நகர் உள்ள நிறுத்த முடியாதவங்க இந்தப் பக்கம் விட்டுட்டு ஸ்டேஷனைத் தாண்டி நடந்து போறாங்க, 2023-ல ஸ்கைவாக் (நடை மேம்பாலம்) தெறந்ததுக்கு அப்புறம் அவங்களுக்கு இன்னும் சௌகரியம்.

பார்க்கிங் கட்டிட்டா தீரும்னு சொல்றவங்களுக்காக ஒண்ணு. பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல நடைபாதையை அகலப்படுத்தி பிளாசா தெறந்தாங்க, அப்புறம் தணிகாசலம் ரோட்டுல மல்டிலெவல் பார்க்கிங், 200-க்கு மேல கார், 500-க்கு மேல பைக் நிக்கிற மாதிரி. நான் போற அன்னிக்கெல்லாம் அங்க இடம் இருக்கும், வெளிய ரோட்டுல ஹஸார்டு லைட் போட்டுக்கிட்டு டபுள் பார்க்கிங்ல நாலு கார் நிக்கும், "அஞ்சே நிமிஷம் சார்". தெருவுல சும்மா நிறுத்த முடியற வரைக்கும் எவன் காசு குடுத்து மேல ஏத்துவான்? நானே ஏத்தினதில்ல, உண்மையைச் சொல்றேன், மூணு நாலு தடவை சந்துல சொருகிட்டு ஓடியிருக்கேன். ஒரு கார் நிக்கிற இடம் தி.நகர் மனை விலைல எத்தனை லட்சம்னு போட்டுப் பாருங்க, அதை நாம மாநகராட்சிகிட்ட இருந்து நாள் பூரா ஓசியா வாங்கிட்டு, வாசல்ல அடுத்தவன் நிறுத்தினா மட்டும் சட்டம் பேசுறோம். ஜப்பான்ல அறுபதுகள்ல இருந்தே கார் வாங்கணும்னா நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ் சர்ட்டிஃபிகேட் காட்டணும். இங்க அதைச் சொன்னா அடுத்த எலெக்‌ஷன்ல டெபாசிட் போயிடும்.

அதனால என் கருத்து, உயரமா கட்டட்டும், ஆனா ரோடு அகலமா இருக்கிற இடத்துல, ரயில் பக்கத்துல கட்டட்டும். பனகல் பார்க்ல மெட்ரோ ஸ்டேஷன் வருது, கலங்கரை விளக்கம் டு பூந்தமல்லி லைன், அது ஓட ஆரம்பிச்சா அதைச் சுத்தி நாலு ஹைரைஸ் வந்தா நான் கவலைப்பட மாட்டேன், அங்க வீட்டுக்கு ஒரு கார் போதும். குறுகலான தெருவுல ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு வரிசையா இருபது வர்றதுதான் வயித்தைக் கலக்குது. ஹைரைஸ்னா ஊரே கேள்வி கேக்கும், இது சத்தமில்லாம வருது.

வீடு வாங்கப் போறவங்களா இருந்தா ஒண்ணு சொல்றேன். பார்க்கிங்னு தனியா மூணு லட்சம் அஞ்சு லட்சம்னு கேப்பாங்க. ஓபன் பார்க்கிங் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி பொது இடம், அதை உங்களுக்கு விக்க பில்டருக்கு உரிமை கிடையாது. ஸ்டில்ட் பார்க்கிங்கையும் தனி ஃபிளாட் மாதிரி விக்க முடியாதுன்னு 2010-ல மும்பை கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனாலும் வாங்கறாங்க, நம்மளும் குடுக்கிறோம், அது வேற. குடுக்கிறதுக்கு முன்னாடி அப்ரூவ்டு பிளான்ல உங்க நம்பர் எங்க இருக்குன்னு பாருங்க, பக்கத்துல தூண் இருக்கா, பின்னாடி செப்டிக் டேங்க் மூடி இருக்கா, பிளான்ல பார்க்கிங்னு போட்ட எடத்துல வாட்ச்மேன் ரூம் கட்டியிருக்காங்களான்னு பாருங்க. முடிஞ்சா உங்க காரையே ஒரு தடவை உள்ள விட்டு எடுத்துப் பாருங்க. விக்கிறவர் முகம் மாறுச்சுன்னா பதில் கிடைச்சுடுச்சு.

எங்க விஷயம் இப்ப மூணாவது பில்டர்கிட்ட நிக்குது. அவர் ஒழுங்கா ஏழு கார்னு போட்டுக் காட்டினார், எட்டாவது வராது, வேணும்னா ஒரு வீட்டைக் குறைக்கலாம்னார். நேர்மையான மனுஷன், அதனாலயே பெரிய சண்டை. எட்டு பேர்ல யாருக்கு இல்லைன்னு ஆரம்பிச்சது. கிரவுண்டு ஃப்ளோர் மாமிக்குக் கார் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, பையன் டல்லாஸ்ல இருக்கான், சரி மாமி விட்டுக் குடுப்பாங்கன்னு எல்லாரும் அவங்களைப் பாத்தோம். மாமி நிதானமா, "எனக்கு ஸ்லாட் நம்பர் ஒண்ணு, எழுத்துல குடுத்துடுங்கோ"ன்னாங்க. கார் இல்லையே மாமின்னேன். "கார் இல்லைன்னா என்னடா, ஊர்ல இடம்தானே இல்ல. மாடி வீட்டுக்கு ரெண்டாவது கார் வருமோன்னோ, மாசம் நாலாயிரம்."

ரெண்டாவது மாடி அண்ணன் நோட்டை எடுத்து ஸ்லாட் நம்பர் ஒண்ணுக்கு நேரா மாமி பேரை எழுதிட்டார். எங்களோடது ஆறு. தூண் பக்கம்.